தைத்து முடியாத பனியனும் கட்டி முடியாத ஷெட்டும்: 'வொர்க் இன் பிராக்ரஸ்' என்று எதை எழுதுவது?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் பல்லடம் சாலைப் பக்கம் பனியன் கம்பெனி நடத்துகிறோம். கூட்டாண்மை நிறுவனம். இதுவரை மாமனார் பார்த்து வந்த கணக்கை இந்த ஆண்டுதான் நான் ஏற்றுக்கொண்டேன். வங்கிக்குக் கொடுக்கும் மார்ச் மாத ஸ்டாக் ஸ்டேட்மென்டில் 'வொர்க் இன் பிராக்ரஸ்' என்ற வரிக்கு நேராக, சாயப்பட்டறையில் இருக்கும் துணி, வெட்டிய பீஸ், தைத்த பீஸ், கையில் இருக்கும் ஆர்டர்களின் மதிப்பு, பாதியில் நிற்கும் புது ஷெட்டுக்கு ஆன செலவு எல்லாவற்றையும் கூட்டி எழுதினேன். வங்கியில் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பாதியில் இருப்பது எல்லாமே அதுதானே" என்கிறார் மாமனார். இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? எதை, என்ன விலைக்கு எழுத வேண்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வங்கி அதைத் திருப்பி அனுப்பியது உங்களுக்கு நல்லதுதான். அந்தத் தொகையை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டிருந்தால், அதே தொகை ஆண்டுக் கணக்கிலும் ஏறி, லாபத்தை மாற்றி, வருமான வரி வரைக்கும் போயிருக்கும். உங்கள் மாமனார் சொல்வது பேச்சு வழக்கில் சரி. ஆனால் கணக்குப் புத்தகத்தில் இந்தச் சொல்லுக்கு அத்தனை பரந்த பொருள் இல்லை. விற்பதற்காக நாம் செய்யும் ஒரு பொருள், கச்சாப் பொருள் என்ற நிலையைத் தாண்டி உற்பத்திக்குள் சென்று, விற்கத் தகுந்த நிலையை இன்னும் எட்டாமல், கணக்கு முடிக்கும் நாளில் நமக்குச் சொந்தமாக இருந்தால் அதுவே வொர்க் இன் பிராக்ரஸ். விற்பதற்கான பொருளாக இருக்க வேண்டும், அதன்மேல் நம் பணம் ஏற்கெனவே செலவாகியிருக்க வேண்டும், அது நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற மூன்றும் ஒன்றுசேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது வேறு வரிக்குப் போய்விடும், அல்லது எந்த வரிக்கும் வராது.

சிலர் இதையே 'வொர்க் இன் பிராசஸ்' என்று எழுதுவார்கள், வங்கிப் படிவங்களில் 'ஸ்டாக் இன் பிராசஸ்' என்றும் இருக்கும். உங்கள் தொழிலைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் சரக்கிருப்பின் கீழ் 'வொர்க் இன் பிராக்ரஸ்' என்றே இருப்பதால், ஆடிட்டர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரையே எழுதுகிறோம்.

நீங்கள் கூட்டியவற்றுள் ஆர்டர்களின் மதிப்பை முதலில் எடுத்துவிடுங்கள். ஆர்டர் கையில் இருப்பது தொழிலுக்குப் பெரும் பலம்தான். ஆனால் நூலே வாங்காத ஆர்டரில் நம் பணம் ஒரு ரூபாயும் போகவில்லை. 'பெண்டிங் ஆர்டர்' என்று நாம் சொல்வது இனிமேல் செய்ய வேண்டிய வேலை, வொர்க் இன் பிராக்ரஸ் என்பது ஏற்கெனவே பணம் போட்டுச் செய்துகொண்டிருக்கும் சரக்கு. ஏற்றுமதி ஆர்டரைக் காட்டிக் கடன் வாங்க வேண்டுமானால் அதற்குப் பேக்கிங் கிரெடிட் என்ற தனி வழி இருக்கிறது, அங்கே ஆர்டர் பட்டியலைத் தனியாகக் கொடுக்கலாம். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் என்பது அன்றைய தேதியில் கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய சரக்கின் கணக்கு. அதில் ஆர்டரைச் சேர்த்தால், ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் காட்டுவதற்குச் சரக்கு இருக்காது.

சாயப்பட்டறையில் இருக்கும் துணி உங்கள் வொர்க் இன் பிராக்ரஸ்தான், அதில் தவறில்லை. நூலை நீங்கள் வாங்கி, நிட்டிங்குக்குக் கூலி கொடுத்து, சாயம் ஏறாத கிரே துணியைச் சாயத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள். துணி யார் இடத்தில் கிடந்தாலும் சொந்தம் உங்களுடையது. சாயப்பட்டறைக்காரர் அதைத் தம் சரக்கிருப்பில் காட்டமாட்டார். ஆனால் வேலைக்கு வெளியே போன சரக்கை வெறும் நம்பிக்கையில் எழுதக் கூடாது. போன தேதி, கிலோ, லாட் எண் ஆகியவை உள்ள டெலிவரி சலான் உங்களிடம் இருக்க வேண்டும். ஆண்டு முடிவில் அவர்களிடமிருந்து இருப்பு உறுதிக் கடிதம் ஒன்றும் வாங்கி வையுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலி வேலைக்கு, அனுப்பிய சரக்கு 1 ஆண்டுக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட்டிருக்க வேண்டும். தவறினால், அனுப்பிய நாளிலேயே அதை அந்த வேலை செய்பவருக்கு விற்றதாகக் கொண்டு வட்டியுடன் வரி கேட்பார்கள். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையும் ஐடிசி-04 படிவத்தில் இந்தப் போக்குவரத்தைக் காட்ட வேண்டும். அந்தப் படிவத்தில் வெளியே இருப்பதாகச் சொல்லும் கிலோவும், வொர்க் இன் பிராக்ரஸில் நீங்கள் எழுதும் கிலோவும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் பின்னால் வரும் கேள்விகளில் பாதி வராமலே போகும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் திருப்பூரில் அடிக்கடி தவறுவது இங்கேதான். சொந்த ஆர்டர் இல்லாத மாதங்களில் வேறு கம்பெனியின் வெட்டிய பீஸ்களை வாங்கிக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது இங்கே சாதாரணம். அந்தப் பீஸ்கள் உங்கள் தளத்தில், உங்கள் டெய்லர்களின் கையில், உங்கள் சொந்தச் சரக்குக்குப் பக்கத்திலேயே கிடக்கும். எண்ணும்போது எளிதாகக் கலந்துவிடும். ஆனால் அந்தத் துணி உங்களுடையது அல்ல. அதன் மதிப்பு உங்கள் இருப்பில் வரவே கூடாது. பாதி தைத்த நிலையில் நிற்கும் பீஸ்களுக்கு நீங்கள் இதுவரை கொடுத்த தையல் கூலி, நூல்கண்டு போன்ற உங்கள் செலவை மட்டும் தனியாகக் கணக்கிடலாம். அடுத்தவர் சரக்கைக் காட்டி வங்கியில் டிராயிங் பவர், அதாவது கடனில் எடுக்கக்கூடிய தொகை, வாங்குவது, நோக்கம் எதுவாக இருந்தாலும், வங்கியின் பார்வையில் மிகத் தீவிரமான விஷயம்.

இனி எண்ணும் முறை. மார்ச் 31 மாலை ஷிப்ட் முடிந்ததும் மெஷின்களை நிறுத்திவிட்டு எண்ணுவதுதான் முறையானது. நூல் குடோனில் மூட்டையாக இருப்பது கச்சாப் பொருள். நிட்டிங்குக்குப் போய்விட்ட நூல் முதல், செக்கிங்கும் அயர்னிங்கும் முடிந்து பாலித்தீன் கவருக்குள் போகும்வரை உள்ள எல்லாமே நடுவில் இருப்பவை. கவர் போட்டுப் பெட்டியில் அடுக்கியது முடிந்த சரக்கு. துணியாகவே விலைக்கு வாங்குகிறவர்களுக்கு, வாங்கி வெட்டாமல் வைத்திருக்கும் துணியே கச்சாப் பொருள். கட்டிங் மேசையிலிருந்து இறங்கிய பீஸ்கள் துணி நாடாவால் கட்டுக்கட்டாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு கட்டிலும் அளவும் பீஸ் எண்ணிக்கையும் எழுதிய துண்டு செருகியிருக்கும். அந்தத் துண்டுகளைப் படித்துக் கூட்டினாலே வெட்டிய சரக்கின் கணக்கு வந்துவிடும். லைனில் இருப்பவைதான் சிரமம். தோள் மூட்டியவை, கழுத்துப் பட்டி வைத்தவை, கை ஏற்றியவை என்று ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் குவியல் வேறு நிலையில் இருக்கும். ஒவ்வொரு பீஸும் எந்த ஆபரேஷனில் நிற்கிறது என்று எழுத வேண்டியதில்லை. லைனில் உள்ளவை சராசரியாகப் பாதித் தையல் முடிந்தவை என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்கத்தக்கதே, ஆனால் அதே வழக்கத்தை ஆண்டுதோறும் மாற்றாமல் கடைப்பிடிக்க வேண்டும். பவர் டேபிள் எனப்படும் கூலித் தையல் கூடங்களில் வெளியே தையலுக்குக் கொடுத்த கட்டுகளை மறந்துவிடாதீர்கள், அவையும் உங்களுடையவைதான்.

விலை போடுவதற்கு இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் கணக்கியல் தரம் 2-இல் தெளிவான விதி இருக்கிறது. அடக்க விலை அல்லது நிகரமாகக் கைக்கு வரக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அது. வருமான வரிக்கான கணக்கீட்டுத் தரமான ஐசிடிஎஸ் 2-உம் இதே அடிப்படையைத்தான் சொல்கிறது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் உங்களுக்குப் பிடிபடும். இதிலுள்ள விலைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் பில்லில் உள்ள விலைகளை அங்கங்கே இட்டுக்கொள்ளுங்கள்.

கிலோ 250 ரூபாய் வீதம் 1,000 கிலோ நூல், 2,50,000 ரூபாய். நிட்டிங் கூலி கிலோவுக்கு 15, சாயத்துக்கு 85, துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங்குக்கு 10 ரூபாய் என்று மேலும் 1,10,000 ரூபாய் சேர்ந்து மொத்தம் 3,60,000 ஆகிறது. வழக்கமான புராசஸ் லாஸ் 40 கிலோ போக, கைக்கு வந்த துணி 960 கிலோ. அதனால் துணியின் அடக்கம் கிலோவுக்கு 360 அல்ல, 375 ரூபாய். இந்த இடத்தைக் கவனியுங்கள்: வழக்கமாக ஏற்படும் இழப்பை மிஞ்சிய துணிதான் சுமக்கும். ஷேடு தப்பி ஒரு லாட் முழுவதுமே வீணாகிப் போனது போன்ற அசாதாரண இழப்பை மட்டும் துணியின் விலையில் ஏற்றக் கூடாது, அது அந்த ஆண்டின் நட்டம்.

அந்தத் துணியில், கட்டிங் வேஸ்ட்டையும் சேர்த்துப் பீஸுக்கு 200 கிராம் வீதம் 4,800 பீஸ் வெட்டுகிறீர்கள். துணி 75, வெட்டுக் கூலி 2, வேஸ்ட் விற்று வரும் பணத்துக்காக 1 ரூபாய் கழிவு என்று வெட்டிய பீஸின் அடக்கம் 76 ரூபாய். தையலுக்கு 14 ரூபாய். மார்ச் 31 அன்று 1,800 பீஸ் வெட்டிய கட்டாகவும், 1,000 பீஸ் லைனிலும், 2,000 பீஸ் தைத்து முடிந்து செக்கிங் மேசையிலும் இருக்கின்றன என்று கொள்வோம். வெட்டியவை 76 வீதம் 1,36,800 ரூபாய், லைனில் உள்ளவை 83 வீதம் 83,000 ரூபாய், தைத்தவை 90 வீதம் 1,80,000 ரூபாய். ஆக மொத்தம் 3,99,800 ரூபாய். இதன்மேல் தளத்து வாடகை, மெஷின் ஓடிய மின்சாரம், சூப்பர்வைசர் சம்பளம் ஆகியவற்றின் பங்கும் ஏற வேண்டும். அந்தப் பங்கைச் சாதாரணமாக ஓடும் அளவுக்குத் தகுந்தபடி பிரிக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி வரத் தாமதமாகி மெஷின்கள் சும்மா நின்ற மாதத்தின் முழு வாடகையையும், அந்த மாதம் தைத்த சில நூறு பீஸ்களின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. அலுவலகச் செலவு, ஏஜென்ட் கமிஷன், தூத்துக்குடித் துறைமுகம் வரைக்குமான லாரி வாடகை, வங்கி வட்டி ஆகியவை உங்களுடையது போன்ற சரக்கின் அடக்கத்தில் வரமாட்டா. உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொண்ட ஜிஎஸ்டியையும் புத்தகத்தில் சேர்க்க வேண்டாம்.

இந்த 3,99,800 ரூபாயை எழுதாமல் விட்டால் இந்த ஆண்டு லாபம் அத்தனை ரூபாய் குறைந்து, அடுத்த ஆண்டு அத்தனை ரூபாய் கூடும். மாறாக, எப்படியும் விற்கப்போகிறோம் என்று பீஸுக்கு 140 ரூபாய் விற்பனை விலையைப் போட்டால் 6,72,000 ஆகி, இன்னும் சம்பாதிக்காத 2,72,200 ரூபாய் லாபத்துக்கு இப்போதே வரி கட்டுவீர்கள். இரண்டையுமே நான் நிறையக் கணக்குகளில் பார்க்கிறேன். முதலாவதை வரிச் சேமிப்பு என்றும் இரண்டாவதை வங்கிக்காக என்றும் செய்கிறார்கள். ஒரே தேதிக்கு இரண்டு மதிப்பு வைத்திருப்பது எந்தத் தொழிலையும் நிம்மதியாக நடத்த விடாது என்பதால், இதில் உங்கள் மனத்தைத் தொடக்கத்திலேயே உறுதியாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

'நிகரமாகக் கைக்கு வரக்கூடிய விலை' என்ற பகுதி உங்களுக்கு எப்போது வேண்டியிருக்கும் என்றால், பையர் ஆர்டரை ரத்து செய்யும்போது. மேலே சொன்ன பனியன் இப்போது ஸ்டாக் லாட்டாக, அதாவது மிஞ்சிய சரக்காக, 80 ரூபாய்க்குத்தான் போகும் என்றால், அதை விற்கும் நிலைக்குக் கொண்டுவர இன்னும் ஆகும் செலவையும் விற்பதற்கான செலவையும் அந்த 80-இலிருந்து கழிக்க வேண்டும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் சேர்ந்து 6 ரூபாய், தரகு 1 ரூபாய் என்றால் தைத்த பீஸுக்கு 73, பாதித் தையலில் இருப்பதற்கு 66, வெட்டிய பீஸுக்கு 59 ரூபாய். மூன்று நிலையிலும் இழப்பு பீஸுக்கு 17 ரூபாய்தான், மொத்தம் 81,600 ரூபாய். வெட்டியதோடு நிற்கும் பீஸில் இழப்பு குறைவாக இருக்கும் என்று பலரும் நினைப்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

வங்கியின் கணக்கு இதிலிருந்து சற்று மாறும். சரக்கின் மதிப்பிலிருந்து, நூல் மில்லுக்கும் மற்றவர்களுக்கும் நீங்கள் தர வேண்டிய பாக்கியைக் கழித்து, மார்ஜினையும் (வங்கி பாதுகாப்புக்காக விட்டுவைக்கும் பங்கையும்) கழித்த பிறகு மிஞ்சுவதே டிராயிங் பவர். பாதி முடிந்த சரக்கை அவசரத்துக்கு விற்றுப் பணமாக்குவது கடினம் என்பதால், சில வங்கிகள் அதற்குக் கச்சாப் பொருளைவிடக் கூடுதல் மார்ஜின் வைக்கும். உங்கள் கடன் சாங்ஷன் கடிதத்தில் அந்த விகிதம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். திருத்திய மார்ச் ஸ்டேட்மென்டை, முந்தையதில் ஆர்டர் மதிப்பும் ஷெட் செலவும் சேர்ந்துவிட்டன என்று ஒரு கடிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். உங்கள் ஆண்டுக் கணக்கில் மார்ச் 31-க்கு வரும் தொகையும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் நிறுவனத்தைப் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றி, வங்கி லிமிட்டும் 5 கோடி ரூபாயைத் தாண்டினால், வங்கிக்குக் கொடுத்த காலாண்டு விவரங்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதை ஆடிட்டர் தம் அறிக்கையிலேயே சொல்ல வேண்டி வரலாம்.

உற்பத்தி மேலாளர் "லைனில் விப் ஜாஸ்தி" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் இதே சொல்லின் முதலெழுத்துச் சுருக்கம்தான். ஆனால் அவர் ரூபாயைச் சொல்லவில்லை, பீஸ் எண்ணிக்கையைச் சொல்கிறார். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இதற்கு உதவும்: உள்ளே நிற்கும் எண்ணிக்கையை நாள் உற்பத்தியால் வகுத்தால், ஒரு பீஸ் உள்ளே போய் வெளியே வரச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும். லைனில் 3,000 பீஸ் நின்று, நாளுக்கு 1,000 பீஸ் வெளியே வந்தால் மூன்று நாள். மாதம்தோறும் எண்ணும் பழக்கம் வந்துவிட்டால், சாயப்பட்டறையில் எத்தனை நாள் பணம் முடங்குகிறது, தையலில் எத்தனை நாள் என்று இதே முறையில் உங்களாலேயே பார்த்துவிட முடியும். அது வங்கிக்காக அல்ல, உங்களுக்காக.

கடைசியாக, அந்த ஷெட். அதன் செலவுக்குப் பெயர் 'கேப்பிட்டல் வொர்க் இன் பிராக்ரஸ்'. 'கேப்பிட்டல்' என்ற முன்சொல் இருப்பதால் அது சரக்கிருப்பின் பக்கமே வராது. கட்டி முடித்த பிறகும் ஷெட்டை நாம் விற்கப்போவதில்லை, அதற்குள் உட்கார்ந்து தொழில் செய்யப்போகிறோம். எனவே நிலையான சொத்துகளின் பக்கத்தில் தனி வரியாக அது நிற்க வேண்டும். ஸ்டாக் ஸ்டேட்மென்டில் அதற்கு இடமே இல்லை. வந்து இறங்கிப் பொருத்தப்படாமல் சாக்கு மூடிக் கிடக்கும் புது மெஷினுக்கும் இதே விதிதான். இந்த நிலையில் இருக்கும்வரை தேய்மானம் எடுக்க முடியாது. ஷெட்டுக்காக வாங்கிய கடனின் வட்டியையும், அது பயன்பாட்டுக்கு வரும் நாள்வரை செலவாக எழுதாமல் ஷெட்டின் விலையோடு சேர்க்க வேண்டும். பயன்பாட்டுக்கு வந்த ஆண்டில், அந்தப் பயன்பாடு 180 நாளுக்குக் குறைவாக இருந்தால் வருமான வரியில் பாதித் தேய்மானமே கிடைக்கும். ஆண்டு முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணினால், அக்டோபர் 3-ஆம் தேதிக்குள் ஷெட்டில் வேலை தொடங்கினால்தான் முழுத் தேய்மானம் வரும். மின் இணைப்பு கிடைத்த கடிதம், முதல் மின் கட்டண ரசீது, அங்கே முதலில் ஓடிய மெஷினின் உற்பத்திப் பதிவு ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். எந்த நாளில் அது பயன்பாட்டுக்கு வந்தது என்று வரி அதிகாரி கேட்டால் அவைதான் சான்று. சிமெண்ட், கம்பி, ரூஃபிங் ஷீட் பில்களையும் மேஸ்திரிக்குக் கொடுத்த தொகைகளையும் இதுவரை கம்பெனியின் பொதுச் செலவில் எழுதியிருந்தால், கணக்கை முடிக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லி அவற்றை இந்தத் தலைப்புக்கு மாற்றிவிடுங்கள்.